கைக்கு அடக்கமாக ஒரு டார்ச்

தண்ணீர் முறை நடுராத்திரியில் வந்துவிடுகிறது. மடை திறக்க வரப்பில் நடந்துதான் போகணும். 3,000 ரூபாய் வாக்கில், மடியில் செருகும் அளவுக்குச் சின்னதாக, வெளிச்சம் தாராளமாக உள்ள டார்ச் எது?
– மன்னார்குடி வாசகர்

வொர்க்கோஸ் எஃப்.சி.11. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 18650 என்ற ஒற்றை லித்தியம் செல் கூடவே வரும். செல்போனுக்குப் போடும் அதே டைப்-சி கேபிளில் சார்ஜ் ஏறும். அடிப்பக்கம் காந்தம் இருப்பதால், மோட்டார் கொட்டகையின் இரும்புப் பெட்டியில் ஒட்டவைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வேலை பார்க்கலாம். முழு வீச்சில் 1,300 லூமென் என்கிறார்கள். பழைய 100 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தின் அளவு அது.

ஆனால் நான் இதைச் சொல்வது அந்த 1,300-க்காக இல்லை, நிறத்துக்காக. மலிவு டார்ச்சுகள் நீலம் பாய்ந்த வெள்ளையை அடிக்கும். அதில் காய்ந்த இலை, சேறு, வைக்கோல், சுருட்டைவிரியன் எல்லாம் ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும். எஃப்.சி.11-இல் உள்ள எல்.எச்.351டி எல்.இ.டி.யின் நிறத் துல்லியம் 100-க்கு 90. சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். பழுப்பு பழுப்பாகவும் பச்சை பச்சையாகவும் தெரியும். வண்ணம் 4000 கே, 5000 கே என இரண்டு வகையில் கிடைத்தால் 4000 கே வாங்குங்கள். அது மாலை வெயில் மாதிரி இதமான வெளிச்சம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அதனால் டார்ச்சை 100, 150 லூமெனில் வைத்து, வெளிச்சத்தைத் தூரத்தில் அடிக்காமல், அடுத்து வைக்கப்போகும் காலுக்கு இரண்டு முழம் முன்னால் விழச் செய்யுங்கள். அந்த அளவில் வைத்தால் விடிய விடியத் தாக்குப்பிடிக்கும். கையில் கம்பும் காலில் பூட்ஸும் இருக்கட்டும். டார்ச் அவற்றுக்குத் துணைதான்.

ஆன்லைனில் 10,000 லூமென், 9,900 எம்.ஏ.எச். பேட்டரி, விலை 799 ரூபாய் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
– திருப்பூர் கல்லூரி மாணவர்

வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்த மாதிரி டார்ச்சிலும் பெரும்பாலும் இருப்பது அதே 18650 செல்தான். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகள் அடைக்க முடிந்தது 3,500 எம்.ஏ.எச். சுற்றுவட்டாரம்தான். அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. டார்ச்சுக்குள் இருக்கும் எல்.இ.டி., இழப்பெல்லாம் போக, ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும். ஆக, நல்ல செல் ஒன்றில் இருக்கும் மொத்தச் சொத்து, ஒரு மணி நேரத்துக்கு 1,260 லூமென். 10,000 லூமென் வேண்டுமென்றால் 100 வாட் இழுக்க வேண்டும். அப்படி இழுக்க விட்டால் ஏழரை நிமிஷத்தில் செல் காலி. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்ன் வெறும் 25 வாட். அதைப் போல் நான்கின் மின்சாரத்தைக் கட்டைவிரல் பருமனுள்ள குழாய்க்குள் செலுத்திக் கையில் பிடிக்க முடியுமா?

இப்படி ஒரு டார்ச் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதிலிருந்த 9,900 எம்.ஏ.எச். செல்லைக் கையில் எடுத்ததுமே எடை சரியில்லை என்று தோன்றியது. தெருமுனை நகைக்கடைத் தராசில் வைத்தேன். 28 கிராம். என் பழைய நல்ல செல்லை வைத்தேன். 47 கிராம். லேசான செல்லின் உறையைப் பார்த்தால் யார் செய்தது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இல்லை. லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி அந்தப் பதிவு இந்தியாவில் கட்டாயம். வாங்குமுன் உறையில் அதைத் தேடுங்கள், முடிந்தால் எடையும் பாருங்கள். 40 கிராமுக்குக் கீழே இருக்கும் 18650-ஐ நான் வீட்டுக்குள் சார்ஜ் போடமாட்டேன்.

சோஃபிர்ன் எஸ்.சி.31 ப்ரோ 2,000 லூமென். நீங்கள் 1,300 லூமென் எஃப்.சி.11-ஐயே பரிந்துரைக்கிறீர்களே, ஏன்?
– சேலம் வாசகர்

நம் கண் லூமெனை எண்ணிப் பார்ப்பதில்லை. வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்ற, லூமென் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். 1,300-க்கும் 2,000-க்கும் இடையே கண்ணுக்குக் கால் பங்கு வித்தியாசம்தான் தெரியும். அதுவும் சில நிமிஷங்களுக்குத்தான். உடம்பு சுட்டதும் இரண்டுமே தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைக்காவிட்டால் கை வெந்துபோகும், எல்.இ.டி.யும் கெடும். 18650 போட்ட டார்ச் எதுவானாலும், தொடர்ந்து எரிவது சில நூறு லூமெனில்தான். ஆகவே கடைக்காரரிடம் “அதிகபட்சம் எவ்வளவு” என்று கேட்காதீர்கள். “அரைமணி நேரம் கழித்து எவ்வளவு” என்று கேளுங்கள்.

எஸ்.சி.31 ப்ரோ மட்டமில்லை. அதிலுள்ள எஸ்.எஸ்.டி.40 எல்.இ.டி. முரட்டு வெளிச்சம் தரும், நிறம் மட்டும் சற்று வெளிறித் தெரியும். ஆண்ட்யூரில் என்ற மென்பொருள் அதில் இருக்கிறது. ஒரே பட்டனை ஒரு தரம், இரண்டு தரம், நான்கு தரம் என்று அமுக்கி வெவ்வேறு வேலை வாங்கலாம். நோண்டிப் பார்க்கும் ஆசையுள்ளவர்களுக்கு அது நல்ல துணை.

2,000 லூமென் என்று போட்ட பெட்டியிலேயே 3 மணி நேரம் எரியும் என்றும் போட்டிருக்கிறதே. உங்கள் கணக்குப்படி அரைமணி கூடத் தாங்காதே?
– விருதுநகர் ஆசிரியை

நன்றாகக் கேட்டீர்கள் அம்மா. அமெரிக்காவில் 2009-இல் டார்ச்சுகளுக்காக எஃப்.எல்.1 என்றொரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். நல்ல கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி எரியும் நேரம் என்பது, போட்ட 30-வது விநாடியில் இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம். 2,000-இல் தொடங்கி 200-க்கு இறங்கும்வரை கடிகாரம் ஓடும். முதல் இரண்டு நிமிஷம் 2,000, மீதி நேரமெல்லாம் 400 என்றாலும் பெட்டியில் 2,000 என்றும் 3 மணி என்றும் அடுத்தடுத்து அச்சிடலாம். இரண்டும் உண்மை, ஆனால் ஒரே சமயத்தில் உண்மை இல்லை. நல்ல கம்பெனிகள் நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தை ஒரு கோடாக வரைந்து காட்டும். உங்களுக்கு வரைபடம் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடு எங்கே விழுகிறது, எங்கே சமமாக நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

200 மீட்டர் தூரம் அடிக்கும் என்கிறார்கள். 200 மீட்டரில் நிற்கும் ஆளை அடையாளம் தெரியுமா?
– கம்பம் தோட்டக்காரர்

தெரியாது. அந்த 200 மீட்டரில் விழுவது பௌர்ணமி நிலவொளி அளவுதான். ஏதோ நிற்கிறது என்று தெரியும். மாடா, ஆளா, மரக்கட்டையா என்று தெரியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்பதால் 100 மீட்டரில் நிலைமை பரவாயில்லை. பெட்டியில் போட்ட தூரத்தை மூன்றாக வகுத்து வரும் விடையை நம்புங்கள்.

இன்னொன்று. லூமென் என்பது டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சம், கேண்டெலா அதைக் கூர்மையாக ஒரு திசையில் குவிக்கும் வலு. தோப்பின் கோடியைப் பார்க்க வேண்டிய உங்களுக்குக் கேண்டெலா முக்கியம். ஆழமான, வழவழப்பான கிண்ணம் உள்ள டார்ச்சாகப் பாருங்கள்.

சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி குட்டி டார்ச்?
– சென்னை வாசகி

வொர்க்கோஸ் டி.எஸ்.10 என்று ஒன்று. மூன்று எல்.இ.டி., விரல் நீளம், 1,400 லூமென் என்கிறார்கள். முழு வீச்சில் போட்டால் ஒரு நிமிஷத்துக்குள் சுட்டுவிடும். உள்ளே இருக்கும் 14500 செல்லில் 3 வாட்-மணிதான் இருக்கிறது. 150 லூமெனில் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

உங்களுக்கு நான் சொல்வது சோஃபிர்ன் எஸ்.பி.10 ப்ரோ. அதே 14500 செல்லிலும் எரியும், பெட்டிக்கடையில் விற்கும் சாதாரணப் பென்சில் பேட்டரியிலும் எரியும். பென்சில் பேட்டரி போட்டால் வெளிச்சம் குறையும். ஆனால் புயலடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர்க்காரர் நீங்கள். சார்ஜ் போட வழியில்லாத அந்த மூன்றாம் நாள் ராத்திரி, தெருக்கோடிக் கடையில் கிடைக்கும் பேட்டரியில் எரியும் டார்ச்சின் அருமை தெரியும். ஒரே எச்சரிக்கை: 14500-உம் பென்சில் பேட்டரியும் பார்வைக்கு ஒரே அளவு, ஆனால் ஒன்று 3.7 வோல்ட், மற்றது 1.5. 14500-ஐ மறந்துபோய் ரிமோட்டிலோ சுவர்க் கடிகாரத்திலோ போட்டுவிடாதீர்கள்.

தெருநாய் துரத்தினால் மினுக்கு மினுக்கென்று அடிக்கும் ஸ்ட்ரோப் உதவுமா?
– கோவை வாசகர்

நாயைவிட முதலில் உங்கள் கண்தான் கூசும். ஓடாமல் நில்லுங்கள், தரையில் வெளிச்சம் அடியுங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை நடைக்குப் போகிறோம். என் 2,000 லூமென் டார்ச்சை எடுத்துவரட்டுமா?
– அடையாறு பள்ளி மாணவி

வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் கண்ணு. பங்குனி ஆமை கரையேறும்போது வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். பொரித்து வெளியே வரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் ஓடும். லட்சக்கணக்கான வருஷங்களாக அந்தப் பக்கம் கடலாக இருந்தது. இப்போது தெருவிளக்காக இருக்கிறது. சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988-இலிருந்து ஒவ்வொரு பருவமும் இந்த மணலில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. நடத்துபவர்களிடம் மங்கலான விளக்கு இருக்கும். தேவைப்படும்போது அவர்கள் போடுவார்கள். இருட்டில் 20, 30 நிமிஷம் இருந்து பாருங்கள், உங்கள் கண்ணே பழகிவிடும். அலை உடையும் வெள்ளைக் கோடு தெரியும், மணலில் ஆமை இழுத்துப்போன தடம் தெரியும்.

பேன்ட் பாக்கெட்டில் டார்ச் தானாக எரிந்து துணி கருகிவிட்டது. டார்ச்சின் குற்றமா?
– ஓசூர் வாசகர்

பக்கவாட்டில் மென்மையான பட்டன் உள்ள எல்லா டார்ச்சிலும் இந்த ஆபத்து உண்டு. துணியை ஒட்டினாற்போல் எரிந்தால் வெளிச்சம் முழுக்கச் சூடாகிவிடும். பையில் போடுமுன் வால்மூடியைக் கால் திருகு தளர்த்துங்கள், மின்சாரம் அறுந்துவிடும். பெரும்பாலான டார்ச்சுகளில் இது போதும். ஆண்ட்யூரில் உள்ளவற்றில் பட்டனை நான்கு தரம் அமுக்கினாலும் பூட்டிக்கொள்ளும்.

விமானத்தில்?
– துபாய் வாசகர்

டார்ச்சிலிருந்து கழற்றிய உதிரி லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் கொண்டுபோகலாம், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாவிக்கொத்தோடு உரசினால் ஷார்ட் ஆகிவிடும்.

தாத்தாவின் மூன்று கட்டை டார்ச் இருக்கிறது. தூக்கிப்போட மனமில்லை.
– காரைக்குடி வாசகர்

போடவே வேண்டாம். அந்தப் பழைய இழை பல்பு சில பத்து லூமென்தான் தந்தது, அதை வைத்துக்கொண்டே நம் பெரியவர்கள் கண்மாய்க் கரையைச் சுற்றி வந்தார்கள். அதே பல்பு மாட்டும் இடத்தில் பொருந்தும் எல்.இ.டி. பல்பு கிடைக்கிறது. வோல்ட் பார்த்து வாங்கி மாட்டுங்கள். பழைய கட்டைகளை மட்டும் உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். கசிந்து உட்புறத்தை அரித்துவிடும்.

அம்மாவுக்கு 74 வயது, கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ராத்திரி பாத்ரூம் போக ஒரு டார்ச் வேண்டும். ஆனால் ஒரு தரம், மூன்று தரம் அமுக்குவதெல்லாம் அவரால் முடியாது.
– ஸ்ரீரங்கம் வாசகி

கான்வாய் எஸ்.2 ப்ளஸ். வாலில் ஒரே ஒரு பட்டன், பழைய டார்ச்சைப் போல ‘டிக்’ என்று சத்தம் போட்டு எரியும், ‘டிக்’ என்று அணையும். பக்கவாட்டுப் பட்டன் உள்ள டார்ச்சை இருட்டில் எடுத்தால் பட்டன் எங்கே என்று உருட்டி உருட்டித் தேட வேண்டும். வாலில் இருந்தால் கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும். அணைந்திருக்கும்போது ஒரு சொட்டு மின்சாரம்கூட இழுக்காது, மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாலும் செல் இறங்காது. எல்.இ.டி.யை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதால் 4000 கே கேளுங்கள். பெரும்பாலும் இதில் சார்ஜ் போட வாய் இருக்காது. தனி சார்ஜரும் இரண்டு நல்ல செல்லும் வாங்கி, மாதம் ஒருமுறை நீங்களே மாற்றிப் போட்டுவிடுங்கள்.

வெளிச்சத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி, அந்த அளவிலேயே நினைவில் நிற்கும்படி அமைத்துக் கொடுங்கள். நடுராத்திரி விழித்த கண்ணுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. கூசினால் தடுமாறுவார். வெளிச்சத்தைச் சுவரில் அடித்து நடக்கச் சொல்லுங்கள், அறை முழுவதும் மெல்ல நிறையும். டார்ச்சின் வாலில் ஒரு கயிறு கட்டி, கட்டில் தலைமாட்டில், படுத்தபடியே கை நீட்டினால் எட்டும் ஆணியில் மாட்டிவிடுங்கள். முதல் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே அதை எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.