கருத்துச் சொல்லப் போனவன்

வீட்டில் நான் வாய் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். அந்தக் குறையெல்லாம் தீர்வது ஞாயிற்றுக்கிழமை காலையில், சிலிபின் ஒட்டுக்கடையில். ஒரு தே தாரேக் உள்ளே இறங்கினால் போதும், பாட்டானாலும் புத்தகமானாலும் நான் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்திரிப்பதில்லை. எங்கள் மேசையில் நாலைந்து பேர். அதில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர். என் தலையெழுத்து, அவர் எதையும் மறப்பதே இல்லை.

முன்பெல்லாம் கவலை இருக்கவில்லை. தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவேன். கதை, கவிதை எல்லாவற்றுக்கும் அதிலேயே யாராவது அபிப்பிராயம் எழுதியிருப்பார்கள். சூடு ஆறுவதற்குள் அதை என் அபிப்பிராயமாகப் பரிமாறிவிடலாம். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றபோது, ஊரே ஒரு பாரம்பரியம் போயிற்றே என்று வருத்தப்பட்டது. இனிமேல் சொந்தமாக யோசிக்க வேண்டுமே என்று நான் வருத்தப்பட்டேன்.

யோசித்தேன். வந்தது வினை.

கடை ரேடியோவில் மின்னல் எஃப்.எம். 'வைதேகி காத்திருந்தாள்' படத்துப் பாட்டு ஒன்று. கண்ணை மூடித் தலையாட்டி, "யேசுதாஸ் மாதிரி இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்" என்றேன். யாரும் பேசவில்லை. ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் அம்மா தேன் குழைத்த குரலில், பாடியவர் ஜெயச்சந்திரன் என்றார். வாத்தியாருக்கு வேலையே வைக்காமல் அரசாங்க வானொலியே என்னை மறுத்துவிட்டது. ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்த தம்பிகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அப்புறம் ஓர் உபாயம் கண்டுபிடித்தேன். குரல் பிடிபடாவிட்டால் "மலேசியா வாசுதேவன்!" என்றுவிடுவது. இந்த மண்ணில் பிறந்து, 1977இல் '16 வயதினிலே' படத்தில் பாடித் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தவர். நாட்டுப்பற்று உள்ளவன் எவன் மறுப்பான்? மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்துப் பாட்டுக்கும் அதையே சொல்லிவிட்டேன். "அது 1965. வாசுதேவன் அப்ப சினிமாவுல பாடவே ஆரம்பிக்கல" என்றார் வாத்தியார். குரல் டி.எம்.எஸ். என்று பக்கத்து மேசைச் சின்னப் பையன் சொன்னான். அவனை யார் கேட்டது?

சரி, பாட்டென்றால் ரேடியோ காட்டிக்கொடுத்துவிடுகிறது. புத்தகம் வாய் திறக்காது என்று புத்தகத்துக்குத் தாவினேன். போன மாதம் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' பற்றிப் பேச்செடுத்தேன். நம் தோட்டத்து ஜனங்களை வைத்து எழுதிய நாவல். "இதுக்குத்தானே ஞானபீடம் குடுத்தாங்க!"

"அது 'சித்திரப்பாவை'க்கு. 1975ஆம் வருஷப் பரிசு" என்றார் வாத்தியார், ரொட்டியைப் பருப்புக் குழம்பில் தோய்த்தபடி.

பின்வாங்கினால் மானம் போய்விடும். முன்னேறினேன். "அதைத்தானே சார் நானும் சொல்ல வர்றேன்! இதுக்குக் குடுக்கல பாருங்க. ஊர்லேருந்து விருந்தாளியா வந்து பார்த்துட்டுப் போனவருக்கு, கித்தாக்காட்டு வேர்வை எப்படித் தெரியும்?" மேசை அசந்துபோனது. எனக்கே புல்லரித்தது. இத்தனைக்கும் நான் கித்தா மரத்தைப் பார்த்ததெல்லாம் சுங்கை சிப்புட் போகிற பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

"அடுத்த வாரம் அந்தப் புத்தகத்தைக் கொண்டாங்க லா, பார்ப்போம்" என்றார் வாத்தியார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் தேடினால் புத்தகம் இல்லை. வாசலில் மாமியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதைப் படித்துக்கொண்டிருந்தார். இருட்டோடு பெரட்டுக்குப் போய் நின்று, இருபத்தேழு வருஷம் பால் வெட்டியவர். அவர் வெட்டிய தோட்டம் இப்போது தாமான் ஆகி, வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது.

"எப்படி இருக்கு, அத்தை?" என்றேன், கொஞ்சம் பயத்தோடு.

"மரம் வெட்டுனவ நானு. எனக்கே நாலு எடத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு. இது ரெண்டாந்தடவ."

வேர்வையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. புத்தகத்துக்காகக் கையை நீட்டினேன். அதற்குள்ளிருந்து மஞ்சள் பூத்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"பதினாலாம் பக்கத்துல இருந்துச்சு, மாப்ளே. 2016 தண்ணி பில்லு. கட்டிட்டீங்களா, இல்ல அதுவும் பாதியிலதானா?"