மைனஸ் 32

ஏங்கண்ணு, ரெண்டு நாளா அந்தக் கண்ணாடியோட மல்லுக்கட்டுறயே, அது என்ன உம்பட மாமன் மகளா, கூப்பிட்டதும் திரும்பிப் பாக்க? நேத்து ராத்திரி பூரா ‘மைனஸ் 32, மைனஸ் 32’ன்னு பொலம்புனே. என்னையத்தான் நக்கலடிக்கிறயோன்னு நெனச்சேன். எம்பட வாயிலயும் மைனஸ் 32 தானே!

அப்புறம் போன்ல உன் சேக்காளிகிட்ட, ‘டச் கண்ட்ரோலர் செவிடா இருக்குது’ன்னியே, அப்பத்தான் வெளங்குச்சு. எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ஒரு வருசமா திண்ணையில உக்காந்து நீ கத்துறதக் கேட்டா, இந்த வீட்டுக் கட்டுத்தறியும் டிரைவர் எழுதும்.

அது செவிடு இல்ல. செவிடா இருந்தா மைனஸ் 110 வந்திருக்கும். காத்திருந்த கெடு முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். 32ன்னா நீ சொன்னது அதுக்கு நல்லாவே கேட்டுச்சு, கேட்டுட்டு ‘ஸ்டால்’னு கதவச் சாத்திருச்சு. உங்க அம்மிச்சிகிட்ட நாலாவது காப்பி கேட்டா எனக்கு நடக்குறதும் அதேதான்.

யூஎஸ்பில எண்ட்பாயிண்ட் 0ங்கறது தலைவாசல். 8 பைட்டுச் சீட்டோட போய் நிக்கணும். குடுக்க வந்தயா, வாங்க வந்தயான்னு மொதல் பைட்டே சொல்லிப்போடணும். கம்பெனிக்காரன் வெச்ச கட்டளைய அனுப்ப ஹெக்ஸ்ல 40, பதில் வாங்க சி0. நீ பந்திக்குப் போறேன்னுட்டு மொய் எழுதுற வரிசையில நின்னா எவன் சோறு போடுவான்?

அதைத் திருத்துனே, சரி. ரீசெட் அடிச்ச கையோட அடுத்த கட்டளையா? படுத்த எருமைய எழுப்பி, அது கால் ஊனறதுக்குள்ள செம்பை நீட்டுறவன் நீ ஒருத்தன்தான். லினக்ஸ்ல இருக்குற டச்ஸ்கிரீன் டிரைவரைப் பாரு. மைக்ரோடச் கண்ட்ரோலருக்கு 7ன்னு ரீசெட் அனுப்பிட்டு, 150 மில்லிசெகண்ட் கம்முனு கெடக்குது. அதுக்கப்புறம்தான் 1ன்னு அனுப்பி, ‘யாராச்சும் தொட்டா நீயாச் சொல்லு’ங்குது. ஸ்டால் வந்தா மறுபடி கேக்கும், ஆனா மொத்தம் மூணே தரம். நீ முடிவில்லாத லூப்பைப் போட்டுட்டுச் சோத்துக்குப் போயிட்டே!

டேட்டாஷீட்டை மட்டும் படிச்சுப்போடாத சாமி, கண்ணு கெட்டுப்போகும். கட்டளை எண் ஒரே பைட்டுதானே, 0லிருந்து 255 வரைக்கும் ஒவ்வொரு கதவாத் தட்டிப் பாரு. ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால ஃபர்ம்வேரை அழிக்கிற கட்டளை உக்காந்திருக்கும். அப்புறம் கண்ணாடிய அம்மிச்சி வடாம் காயவெக்க எடுத்துக்குவா.

என்ன, இன்னிக்கு 32கூட வரலயா? எல்எஸ்யூஎஸ்பி போட்டாலும் பேரையே காணமா? அதுக்கு ஏன் கண்ணாடியத் திட்டறே? உம்பட கேபிளைக் காத்தால நான்தான் உருவி எம்பட செல்லுக்குச் சொருகினேன். அங்க மாட்டி வெச்சிருக்கறது பஸ் ஸ்டாண்டுல முப்பது ரூவாய்க்கு வாங்கினது. அதுல கரண்டு மட்டுந்தான் போகும், டேட்டா போகாது.

பொறு, புடுங்காத. இன்னும் பாதிகூட ஏறல.