காருக்குக் களிமண்ணா?

கே: நன்றாகக் கழுவித் துடைத்த பிறகும் காரைத் தடவினால் நறநறவென்கிறது. 'கிளே பார் போடுங்க சார்' என்கிறார் கடைக்காரர். களிமண்ணைத் தேய்த்தால் பெயிண்ட் போகாதா?

ப: பெயர்தான் கிளே, குளத்துக் களிமண் இல்லை. பிசினோடு மிக நுண்ணிய உராய்பொடி சேர்த்துச் செய்த மெத்தென்ற கட்டி. ரயில் தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் தூள், பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த ஸ்ப்ரே பெயிண்ட், மரப் பிசின் எல்லாம் ஷாம்புக்கு அசையாது. கிளே அவற்றைப் பிடித்து இழுத்துவிடும். பெயிண்டைப் போக்காது. தப்பாகத் தேய்த்தால் கீறும்.

கே: என் காருக்குத் தேவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: கழுவிக் காய்ந்த பானெட்டை, மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை நுழைத்துத் தடவுங்கள். வெறும் விரலுக்குச் சிக்காத சொரசொரப்பு பை வழியே தெரிந்துவிடும். வழவழவென்றிருந்தால் கிளே வேண்டாம்.

கே: வெறும் தண்ணீர் தெளித்துத் தேய்க்கலாமா?

ப: கூடாது. கட்டி பெயிண்ட் மேல் வழுக்கிப் போக வேண்டும், உரசிப் போகக் கூடாது. கிளேக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் தாராளமாக அடியுங்கள்; கஞ்சத்தனம் பண்ணும் இடம் இது இல்லை. முதலில் காரைக் கழுவித் தூசியைப் போக்கி, நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். வெயிலில் ஸ்ப்ரே நொடியில் காய்ந்துவிடும். கட்டியில் பாதியை மட்டும் கிள்ளி, மாவு பிசைவதுபோல் பிசைந்து, வடை அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். 2 அடிக்கு 2 அடி இடமாக, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டம் போடாதீர்கள். அழுத்தவும் வேண்டாம், விரல் பாரமே போதும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். அது அடங்கிக் கை வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. கட்டியைத் திருப்பிப் பாருங்கள், பழுப்பாக அழுக்கு ஏறியிருக்கும். மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

கே: கட்டி கை நழுவித் தரையில் விழுந்துவிட்டது. கழுவினால் சரியாகிவிடுமா?

ப: ஆகாது. குப்பையில் போடுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். கீழே விழுந்ததை அலசிவிட்டுக் கதவில் வைத்தேன். ஒரே இழுப்பில் சாண் நீளத்துக்கு நாலு கோடு. கண்ணுக்குத் தெரியாத மணல் உள்ளே பதிந்திருந்தது. மேல் பூச்சான கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெலிசு. பாதிக் கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்: விழுந்தாலும் மீதிப் பாதி மிஞ்சும்.

கே: பழைய கீறல் போகுமா?

ப: போகாது. அது பாலிஷ் வேலை.

கே: போர் தண்ணீர் விட்ட வெள்ளைப் புள்ளிகள்?

ப: மேலாகப் படிந்த உப்பு ஓரளவு வரும். பெயிண்டை அரித்து இறங்கியது வராது. கழுவிய கையோடு துடைத்துவிடுங்கள், தானாகக் காய விடாதீர்கள்.

கே: மேட் பெயிண்ட் வண்டிக்கு?

ப: தொடவே தொடாதீர்கள். அங்கங்கே பளபளப்புத் திட்டு விழுந்துவிடும்.

கே: மாதா மாதம் போடலாமா?

ப: வருஷத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு. கிளே அழுக்கோடு பழைய வாக்ஸையும் எடுத்துவிடும். பெயிண்ட் வெற்றுடம்போடு நிற்கும். அன்றைக்கே வாக்ஸ் போட்டாக வேண்டும். கட்டியைப் பிரிக்கும் முன் வீட்டில் வாக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.