பாதாளத்தை விசாரிச்சிட்டு மாடி கட்டு, மாப்ளே

வாடா மாப்ளே, உக்காரு. ஆக்லாந்துக்கு வடக்கே ஃபங்கபராவோவா பக்கம் மனை பாத்துட்டு வந்திருக்கேன்னு உங்க அம்மை சொன்னா. மாடியில நின்னா கடல் தெரியுமாம். அடுப்படிக்கு என்ன கல்லு பதிக்கதுன்னு புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை கூட வந்துட்டாமே? நல்ல சண்டை, போடுங்க. மாமன் ஒண்ணே ஒண்ணு கேக்கேன்: கக்கூஸ் தண்ணி எங்க போவும்?

சிரிக்காத. நான் கைநாட்டு, பேத்தி வாசிச்சுச் சொன்னதைத்தான் சொல்லுதேன். கவுன்சிலுக்குச் சொந்தமான தண்ணி கம்பெனி இருக்கே, வாட்டர்கேர், அவங்க 2024 நவம்பர்லயே சொல்லிட்டாங்க. ஓரேவா, ரெட் பீச், ஃபங்கபராவோவா கழிவெல்லாம் போய்ச் சேருத ஆர்மி பே சுத்திகரிப்பு நிலையம் நிறைஞ்சுட்டு வருதாம். முன்னாடியே அனுமதி வாங்கினவன் தப்பிச்சான். புதுசா வாரவன், நிலையத்தைப் பெருசாக்குத வரைக்கும் சாக்கடை இணைப்புக்குக் காத்துக் கிடக்கணும். அது எப்போ? 2031 வாக்குலயாம். இப்ப பால்குடி மறக்காத உன் மவன், அன்னைக்குப் பை தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவான்.

நான் குத்தம் சொல்லல மாப்ளே, மெச்சுதேன். நம்ம பக்கத்துல ஒரு அதிகாரி வாயைத் திறந்து "இடமில்ல"ன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? 2011ல சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426க்கு இழுத்தாங்க. பேர்ப்பலகை மறுநாளே வந்துட்டு. பாதாளச் சாக்கடை வாரதுக்குள்ள தண்ணி லாரியும் கழிவுநீர் லாரியும் எதிரும் புதிருமா ஓடித் தெருவே தேஞ்சுபோச்சு. அங்க வீட்டைக் கட்டிட்டுக் குழாய்க்குக் காத்திருப்போம். இங்க குழாய்க்குக் காத்திருந்து வீட்டைக் கட்டுன்னு சொல்லுதாங்க. நாகரிகம் வளந்திருக்குல்லா?

ஆனா ஒரு சந்தேகம். 2016ல ஆக்லாந்துக்குப் புதுத் திட்டம் போட்டு, ஊர் முழுக்க நெருக்கியும் உசத்தியும் கட்டிக்கோங்கன்னு அனுமதி குடுத்தது இதே கவுன்சில்தானே? ஊரையெல்லாம் பந்திக்குக் கூப்பிட்டுட்டு, இலை எடுக்க ஆளில்லைன்னு வாசல்ல நிறுத்தின கதையால்ல இருக்கு. பெரிய படிப்பு படிச்சவங்க, யோசிக்காமலா இருந்திருப்பாங்க?

இந்த ஊர்ல சாக்கடை ஒருத்தரை மேயராவே ஆக்கியிருக்கு, தெரியுமா? நகரத்துக் கழிவை பிரவுன்ஸ் தீவு பக்கம் கடல்ல விடப் பாத்தாங்க. டவ்-மையர் ராபின்சன்னு ஒருத்தர் குறுக்கே விழுந்து தடுத்தார். 1959ல மேயராவும் ஆயிட்டார். மறு வருஷமே மாங்கெரேயில பெரிய பெரிய குளமா வெட்டி, வெயில்ல கழிவைச் சுத்தம் பண்ணுத நிலையம் திறந்தாங்க. மனுஷன் சூரன்தான். ஆனா வடக்குக் கடல் தப்பிச்சுது, தெற்கே மனுகாவ் குடா மாட்டிக்கிட்டு. அங்க சிப்பியும் மீனும் எடுத்துப் பிழைச்ச மாவோரி சனத்தோட முறையீட்டை விசாரிச்சு, 1985ல வைதாங்கி தீர்ப்பாயம் அறிக்கையே போட்டுச்சு. குளங்களைப் பிறகு எடுத்துட்டாங்கன்னு வச்சுக்கோ. சாக்கடைக்கு எப்பவும் வாய் செத்தவன் வாசல்தான் கண்ணுல படும்.

இப்ப மனைத் தரகன் உங்கிட்ட ஒரு சாக்கடைச் சுரங்கத்தைக் காட்டுவான், பாத்துக்கோ. 16 கிலோமீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம், 160 கோடி டாலர் செலவு. தோண்டின எந்திரத்துக்கு ஹிவா-இ-தே-ரங்கின்னு பேரு. மாவோரி சனம் புது வருஷத்துல வேண்டுதல் சொல்லுத நட்சத்திரமாம் அது. 160 கோடி செலவழிச்சவன் வேண்டிக்கத்தானே செய்வான்! ஆனா அது நடு ஊருக்கு. அங்க பழைய தெருக்கள்ல மழைத்தண்ணியும் கக்கூஸ் தண்ணியும் ஒரே குழாயில ஓடுது. கனத்த மழை பெஞ்சா கடற்கரையில குளிக்காதேன்னு சொல்லுதாங்க. அந்தச் சுரங்கம் கழிவை வாங்கி மாங்கெரேக்குத்தான் அனுப்பும். உன் மனைக்கும் அதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

உள்ள குழாயைப் பேணவும் துட்டு வேணும்லா? 2023 செப்டம்பர்ல பார்னெல்ல, நூறு வயசு தாண்டின சாக்கடைக் குழாய் ஒண்ணு இடிஞ்சு தரை பிளந்துட்டு. கழிவு நேரா துறைமுகத்துக்குப் போச்சு. அதுக்கப்புறம் கவுன்சில்காரன் உன் தெருவுக்குப் புதுக் குழாயை முதல்ல போடுவான்னு நம்புனா, நீ என் மருமவனே இல்ல.

எங்க இடமிருக்கு, எங்க இல்லைன்னு வாட்டர்கேர் படம் போட்டு வெளியிட்டிருக்கு. தரகன் குடுக்குத வர்ணத் தாளை மடிச்சு வச்சிட்டு அதைப் பாரு. இணைப்புக்குன்னு தனிக் கட்டணம் வேற உண்டு, அதையும் கணக்குல சேத்துக்கோ. இணைப்பு உண்டு, இன்ன வருஷம்னு எழுத்துல கேளு. எழுதித் தரமாட்டேன்னா, கடல் எம்புட்டு அழகாத் தெரிஞ்சாலும் ஒத்தை டாலர் அட்வான்ஸ் குடுக்காத.