கழற்றலும் கழற்றல் நிமித்தமும்: பேராக்கில் வால்வு ஆம்பிளிஃபயர் குறித்த ஓர் ஆய்வு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை இன்னும் நன்றாக ஓடவைக்கிறேன் என்று திறந்து, ஓடாமல் செய்து, பின்பு பழையபடி ஓடினாலே போதும் சாமி என்ற நிலைக்கு வந்துசேர்வது 'மோடிஃபை' எனப்படும். பேராக்கில் இக்கலை நெடுங்காலம் மோட்டார் சைக்கிள் புகைக்குழாயோடு நின்றிருந்தது. கித்தார் வாசிக்கும், அல்லது வாசிக்கப் போவதாகச் சொல்லும், இளைஞர் சிலர் இப்போது அதை வால்வு ஆம்பிளிஃபயருக்கும் நீட்டித்துள்ளனர். இதுபற்றி முறையான ஆய்வு எதுவும் நம் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் இதை எழுதும் தொல்லை நமக்கு மிச்சம்.

இக்கட்டுரை நிறுவ வருவது ஒன்றே: வால்வு ஆம்ப் இந்த மண்ணுக்கு வந்தேறி அன்று. அதன் குலம் கோத்திரமெல்லாம் கடல் கடந்தது என்பது மெய்தான். ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்காவில் செய்த பாஸ்மேன் ஆம்பைப் பார்த்து 1962இல் லண்டனில் செய்ததே முதல் மார்ஷல் ஆம்ப். ஆனால் முன்னோர் இறங்கிய கப்பலை வைத்து ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று முடிவுகட்டுவதில் உள்ள சிக்கலை, மூன்று தலைமுறையாக இங்கே பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

எதையும் முதல், கரு, உரி எனப் பகுத்து நோக்குவது நம் மரபு. முதற்பொருளில் நிலம், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வாழும் புந்தோங், சிலிபின், சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் வீடுகளின் சாப்பாட்டு மேசை. தோட்டத்து லயத்து வீட்டில் இந்நிலம் கிடையாது. அங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தோட்டம் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் போனபிறகு தோன்றிய நிலம் இது. பொழுது, அம்மாவின் தொலைக்காட்சித் தொடர் முடிந்தபின் வரும் யாமம். கருப்பொருளில் தெய்வம், மேசைக்கு மேலே தொங்கும் முருகன் நாள்காட்டி. உணவு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக். பறை, ஆம்பின் இரைச்சல். விலங்கு வீட்டுப் பல்லி. அது உயர் மின்னழுத்தக் கம்பியில் நடத்தும் சோதனைகள் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே. உரிப்பொருள் தலைப்பிலேயே உள்ளது.

இந்நிலத்துக்கு உரிமைப்போர் உண்டு. தோட்டத்தில் பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கத்தில் இருட்டோடு எழுந்துவிடும் அம்மாவின் கூற்று வருமாறு: "டேய் ஐயா, மேசை பூரா ஸ்குருவும் கம்பியுமா கிடக்கு. பசியாற தோசைய எங்கடா வைக்கிறது, உன் தலையிலயா?" இதற்குத் தக்க விடை இத்துறையில் இன்னும் எட்டப்படவில்லை.

இனிச் சான்றுகள். முதலாவது, பற்றவைக்கும் ஈயம். ஆம்பின் உள்ளே மூட்டுகளைப் பிடித்திருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி. 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்தால் சரியாக 183 பாகை செல்சியஸில் உருகும். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போயிற்று. அதில் பெரும்பங்கு கிந்தா பள்ளத்தாக்கினது. அஃதேல், ஆம்பைத் திறந்த தம்பி வாங்கிய சுருளில் 'சீனத் தயாரிப்பு' என்று அச்சிட்டிருக்கிறதே எனின், உலோகம் உருகி உருகி மீண்டும் பிறப்பது. அதில் ஒரு துளிகூடப் பத்துகாஜாவிலிருந்து போனதில்லை என்று காட்டுவது மறுப்பவர் கடன் என்க. மேலும், காரீயம் நீக்கிய புதுவகைக் கம்பிகளில் வெள்ளீயம் பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேல். சுற்றுச்சூழல் சட்டம் இறுக இறுகப் பேராக்கின் பங்கு கூடுகிறது. 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகம் நின்று, விலை சரிந்து, ஈயச் சுரங்கங்களாகிய லம்பங்கள் வரிசையாக மூடியபோது இந்த ஆறுதலைச் சொல்ல ஒருவரும் இல்லாமற்போனது வருந்தத்தக்கது.

தொடக்கநிலையாளர் சூட்டை மூட்டுக்குக் கொடுக்காமல் கம்பிக்குக் கொடுப்பார். ஈயம் மினுமினுப்பில்லாமல், புந்தோங் கச்சான் பூத்தே மணி அளவில் திரண்டு நிற்கும். பார்வைக்கு வலுவாக இருக்கும், மின்சாரம் போகாது. அல்லது பாட்டின் நடுவில் மட்டும் போகாது.

இரண்டாவது சான்று ரப்பர். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ நட்டார். ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. அதற்கும் முன்பே மலாயாக் காட்டுத் தாபான் மரத்தின் பிசினான கட்டாபெர்ச்சாவைச் சுற்றித்தான் 1850களில் ஐரோப்பியர் கடலடித் தந்திக் கம்பிகளைப் போட்டார்கள். கடலுக்குள் போன மின்சாரத்துக்குச் சட்டை தைத்தது இந்தக் காடு. இப்போதைய ஆம்புகளில் கம்பியுறை பிவிசி ஆயிற்றே எனின், ஆயிற்று. ஆனால் பெட்டியின் அடியில் நான்கு கால்கள் ரப்பர். கம்பி நுழையும் துளையின் வளையம் ரப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்பவர் காலில் கிடக்கும் சிலிப்பரும் ரப்பர். தாத்தா சீவிய பால் பேரனுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு விரற்கடை கனத்தில் நிற்கிறது.

மூன்றாவது, மின்சாரம். பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் 1926இல் தோன்றி, 1930இல் சென்டரோ அணையிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. கிந்தாவின் ஈய லம்பங்களுக்கு அது போயிற்று. பல தோட்டத்து லயங்களிலோ ஜெனரேட்டர் நின்றதும் ஊர் இருண்டது. ஆயினும் வால்வை அங்கே எவரும் அறியார் என்று கொள்ளற்க. 1948 முதல் 1960 வரையான அவசரகாலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் அரசு பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. டிரான்சிஸ்டர் வருமுன் அவற்றின் உள்ளே ஒளிர்ந்தவை வால்வுகளே. மின்கித்தாரோ, 1961இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போனதிலிருந்து தீபகற்பமெங்கும் பரவி 'பாப் யே யே' ஆயிற்று. 1960களின் இறுதியில் பினாங்கில் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் அல்லேகேட்ஸ் இசைக்குழுவைக் கண்டார்கள். குடியுரிமைக்கு வேண்டிய வசிப்புக்காலம் வால்வு ஆம்புக்கு எப்போதோ நிறைந்துவிட்டது. இன்னும் அதைச் சிவப்பு அடையாள அட்டையோடு அலையவிடுவது முறையன்று.

இரைச்சல் பற்றிய இயல் இந்த ஆய்வின் உயிர்நிலை. சற்று நின்று நோக்கத் தகும். வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட் மாறுமின்சாரம் ஒலிப்பாதையில் கசிந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல். வடிகட்டும் கப்பாசிட்டர் வறண்டுபோனால் 100 ஹெர்ட்ஸ். கித்தாரின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். எனவே வறண்ட கப்பாசிட்டர் நூலிழை கூடுதலாக ஜியில் பாடுகிறது. 60 சுழற்சி மின்சாரமுள்ள அமெரிக்காவில் அதே பழுது 120 ஹெர்ட்ஸில் ஒலித்து, பி ஃபிளாட்டுக்கும் பிக்கும் நடுவில் எங்கும் சேராமல் தொங்கும். ஆக, பிறந்த ஊரில் அபசுரமாக இரைந்த ஆம்ப் ஈப்போவுக்கு வந்தபின் சுருதி சேர்ந்து இரைகிறது. 50 சுழற்சியுள்ள எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்பார் கருத்தை ஈண்டு விரிப்பின் பெருகும்.

ஜப்பானியப் பழம்பொருள் கடையில் வாங்கிய ஆம்ப் இதற்கு விலக்கு. அது 100 வோல்ட்டுக்குப் பிறந்தது. நம் சுவரில் இருப்பது அதன் இரு மடங்குக்கும் மேல். டிரான்ஸ்ஃபார்மர் இடையில் வைக்காமல் செருகினால், அது எந்தச் சுரத்தில் இரையும் என்று அறியுமுன் புகை எழும்.

கருவிகளில் தலையாயது சாப்ஸ்டிக். எந்த வால்வு, எந்த மூட்டு கரகரக்கிறது என்றறிய ஓடும் ஆம்பின் உறுப்புகளை மின்கடத்தாத குச்சியால் மெல்லத் தட்டிப்பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மேலைநாட்டார் அதற்கெனச் சாப்ஸ்டிக் தேடுவார்களாம். ஈப்போவில் கோழி ஹோர் ஃபன் சாப்பிட்டு எழும்போதே ஆய்வுக்கூடம் கையோடு வந்துவிடுகிறது. எஞ்சிய உதிரிபாகங்களுக்குப் பழைய எலெக்ட்ரானிக் கடைத் தவுக்கேதான் கதி. அங்கே பேச்சு மலாய், பொருளின் பெயர் ஆங்கிலம், விலை கான்டனீஸ்.

மோடிஃபைக்கு வருவோம். 0.022 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை எடுத்துவிட்டு 0.1 வைத்தால் கனத்த ஒலி அதிகம் கடக்கும். 100 மடங்கு பெருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வுக்குப் பதில் அதில் பாதிகூடப் பெருக்காத 12ஏஒய்7ஐச் செருகினால் கரடுமுரடு தணியும். இவை அளக்கத்தக்க உண்மைகள். ஒரே அளவுள்ள மலிவுக் கப்பாசிட்டருக்கும் விலையுயர்ந்த ஆரஞ்சு நிறக் கப்பாசிட்டருக்கும் உள்ள வேறுபாடோ காசு கொடுத்தவர் காதுக்கு மட்டும் கேட்பது. அவர் பொய் சொல்வதாக நாம் நினைக்கவில்லை. காசு கொடுத்த காது கூர்மையானது.

இருப்பதில் நிறைவடையாத இக்குணத்துக்கும் உள்ளூர் முன்னோடி உண்டு. பத்துகாஜாவில் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்துக்கு நல்ல வீடு ஒன்று ஏற்கெனவே இருந்தது. போதாதென்று 1915இல் மாளிகை எழுப்பத் தொடங்கினார். தென்னிந்தியத் தொழிலாளர் உழைத்தார்கள். லிஃப்டுக்கு இடம்கூட விட்டார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் காலமாக, லிஃப்ட் வரவேயில்லை. இன்று அந்தப் பாதி மாளிகையைக் காணச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறோம். மேசையில் பாதியில் கிடக்கும் ஆம்புக்கு மட்டும் ஏன் இந்த ஏச்சு என்று ஆராய்தல் வேண்டும்.

அடுத்து வருவதில் விளையாட்டு இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்பின் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதைத் தகுந்த ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டர் சுழி காட்டியபின்பே விரல் உள்ளே போகவேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும். மின்சாரம் உள்ளபோது அளக்க நேர்ந்தால் ஒரு கை கால்சட்டைப் பையில் இருக்கட்டும். இரு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும், வழியில் இருப்பது இதயம். கைலி கட்டியவர்க்குப் பை இல்லை. அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொள்ளலாம். துரை பங்களா வாசலில் தாத்தா கைகட்டி நின்றது இதற்கு ஒத்திகை என்று சிலர் கொள்வர். அது பொருந்தாது, தாத்தாவுக்கு அங்கே இரண்டு கையும் கட்டவேண்டியிருந்தது.

இவ்வளவு எழுதியும் கித்தார் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பவர்க்கு: நாம் கண்ட வீட்டில் அது அலமாரிக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. மெல்லிய தந்தி அறுந்து நாளாயிற்று. புதுத் தந்தி வாங்க வைத்திருந்த காசுக்கு ஆரஞ்சு நிறக் கப்பாசிட்டர் வந்திருக்கிறது.