ஃபிரிட்ஜ் கதவுச் சூத்திரமும் ஆச்சி உரையும்

பிள்ளைகளைத் தாத்தா ஆச்சியிடம் விட்டுவிட்டு வெளியூர் போகும் பெற்றோர், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். நம் புலவர் உலகம் அதை இன்னும் ஒரு நூலாக ஏற்கவில்லை. எழுத்து குறைவு, பொருள் செறிவு, மீறினால் என்ன ஆகுமோ என்ற அச்சம் எல்லாம் இருந்தும் இந்தப் புறக்கணிப்பு.

இங்கே ஆராயப்படுவது பாளையங்கோட்டை வீடொன்றில் கிடைத்த பிரதி. நூலாசிரியர், கணவரோடு கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போன மருமகள். உரையாசிரியர் ஆச்சி. மாணாக்கர், ஏழு வயதுப் பேரனும் நாலு வயதுப் பேத்தியும்.

மூலம்: 'ராத்திரி 9 மணிக்குப் படுக்கை.' உரை: படுக்கை என்றது பாய் விரிப்பதை. தூக்கத்தைப் பற்றி நூலாசிரியர் பேசவில்லை. விரித்த பாயில் உட்கார்ந்து பத்தரை வரை பேய்க்கதை கேட்பது விதிக்கு மாறன்று.

மூலம்: 'டிவி அரை மணி நேரம்.' உரை: ஆளுக்கு.

மூலம்: 'இனிப்பு வேண்டாம்.' நூலிலேயே கடினமான இடம் இதுதான். உரையும் இங்கே விரிகிறது. இனிப்பாவது கடையிலிருந்து பெட்டியில் வருவது. முந்திரிக்கொத்தோ, பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரிப்பது. பயறு உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொல்கிறார். ஆகவே அது பயறு. பாகைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் உரையாசிரியர் வாய் திறக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் கூறும் 32 உத்திகளில் 'மொழியாததனை முட்டின்றி முடித்தல்' என்று ஒன்று உண்டு. டப்பா மூடியைத் திருகிக்கொண்டே ஆச்சி செய்தது அதைத்தான்.

இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. முல்லைப்பாட்டு மொத்தமே 103 அடி. அதற்குள் எங்கோ கிடக்கும் சொல்லை வேறெங்கோ கொண்டுபோய்க் கூட்டி நச்சினார்க்கினியர் பொருள் சொன்னார். அது தகாது என்று மறைமலையடிகள் 1903-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியுரையில் மறுத்தார். ஆச்சி நச்சினார்க்கினியர் கட்சி. ஏழாம் வரியில் 'இருமல் இருந்தால் வெந்நீர் கொடுக்கவும்' என்றிருந்தது. மூன்றாம் வரியில் 'ஐஸ்கிரீம் கூடாது'. முன்னதன் தலையைப் பின்னதோடு கூட்டி, 'இருமல் இருந்தால் ஐஸ்கிரீம் கூடாது' என்று முடித்தார். பிள்ளைகளுக்கு இருமல் இல்லை.

இடைச்செருகலும் உண்டு. தாளின் அடியில் பென்சிலால் 'புறோட்டா வாங்களாம்' என்று ஒரு வரி. கையெழுத்தும் வேறு, எழுத்துப்பிழையும் வேறு; போலி என்பதில் ஐயமில்லை. ஆச்சி அதையும் மூலமாகவே கொண்டு, சால்னாவோடு சேர்த்துப் பொருள் கண்டார். தாத்தா உரை எதுவும் எழுதவில்லை. வீடியோ அழைப்பு வந்தால் டிவியை அணைப்பது மட்டும் அவர் பொறுப்பு.

நூலாசிரியர் மகளாக இருந்தால் இத்தனை நுட்பம் தேவைப்பட்டிருக்காது. மகள் எழுதிய தாளுக்கு ஆச்சிமார் உரை எழுதுவதில்லை. "போட்டி, எனக்குப் பிள்ள வளக்கத் தெரியாதாக்கும்" என்று மடித்துச் செருகிவிடுகிறார்கள். மருமகள் எழுதியதைத்தான் ஒரு சொல்லும் மீறாமல் மீற வேண்டியிருக்கிறது. உரைக்கலை செழித்தது இந்த மரியாதையால் என்பதே என் துணிபு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகனை வளர்த்த காலத்தில் இதே ஆச்சி நூலாசிரியர். அந்நூல் ஒரே சூத்திரம்: 'தட்டுல வச்சதத் தின்னு.' அதற்கு உரை கிடையாது. விசிறிக் காம்பு உண்டு.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பியவர்களிடம் பேத்தி முழு உரையையும், யாரும் கேட்காமலே, ஒப்பித்துவிட்டாள். அடுத்த பயணத்துக்குத் திருத்திய பதிப்பு வந்தது. 'டிவி, ரெண்டு பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம். ஐஸ்கிரீம், இருமல் இல்லாவிட்டாலும் கூடாது. இனிப்பு, முந்திரிக்கொத்து ரெண்டும் வேண்டாம்.'

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை வாசித்தார். பிறகு தாத்தா பக்கம் திரும்பி, "வெவரமாத்தான் எழுதியிருக்கா" என்றார். "அதிரசத்தப் பத்தி ஒண்ணும் போடலியே."