லாடமும் மெத்தையும்

கொங்குநாட்டுக் குடியானவர் ஒருவர், ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையிலோ கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலோ ஒரு காங்கேயம் காளையை விலைபேசப் புகுந்தாரானால், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பின்னாலிருந்தும் பார்ப்பார். அதன் பிறகு தரகரின் கையைத் துண்டுக்குள் பற்றி விரல்களாலேயே நெடுநேரம் சம்பாஷித்து, மனசு ஒப்பவில்லையானால் வாங்காமலே வீடு திரும்பியும் விடுவார். அந்தக் குடியானவரின் பேரன், கோயம்புத்தூரில் குளிர்சாதனம் செய்த கடையொன்றில், காளையின் கயிற்றுக்குக்கூடத் தாத்தா தயங்கியிருக்கக்கூடிய வேகத்தில், பன்னிரண்டாயிரம் ரூபாயை எண்ணி வைத்து ஓட்டக் காலணி வாங்கி வருகிறான். காரணம் கேட்டால், கடைப்பையன் "உங்களுக்கு ப்ரொனேஷன் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டானாம். வைத்தியர் சொல்லியிருந்தால் இன்னொரு வைத்தியரிடம் போயிருப்பான்!

இந்த விசாரம் எனக்கு ஏற்பட்டதற்குக் காரணம் என் இடது முழங்கால். உத்தியோகம் என்னை விட்ட பிறகு தேகாப்பியாசம் பிடித்துக்கொண்டது. அதிகாலையில் ரேஸ்கோர்ஸின் 2.5 கிலோமீட்டர் வட்டத்தை முதலில் நடையாகவும், பிறகு ஓட்டம் என்று நான் ஒருவன் மட்டுமே ஒப்புக்கொண்ட ஒன்றாகவும் சுற்றிவரலானேன். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரைகள் ஓடிய இடம் அது. 2013-ல் கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷன் கோவை மாரத்தானைத் தொடங்கிய பிறகு ஊரில் ஓடுகிறவர்கள் தொகை பெருகிவிட்டது; அதைவிட வேகமாக, ஓடுகிறவர்களுக்கு யோசனை சொல்பவர்களின் தொகையும் பெருகிவிட்டது.

அந்த வட்டத்தில் பிரதானமாக இரண்டு கட்சிகள் உண்டு. பாதம் தரையில் பட்டதும் சற்றே உட்புறம் சாய்வது, அதாவது ப்ரொனேஷன், இயற்கைதான் என்றாலும், அளவு மீறிச் சாய்ந்தால் கணுக்கால் திரும்பி, முழங்கால் உள்வாங்கி, இடுப்பு வரையில் உபத்திரவம் ஏறிவிடும், ஆகையால் காலணியின் உட்பக்கத்தில் கெட்டியான தாங்கல் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பது உறுதிக் கட்சியாரின் சித்தாந்தம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது, அதை வாங்கிக்கொள்ள வேண்டியது மெத்தை, தாங்கல் வைப்பது காலைச் சிறையிலிடுவதற்குச் சமானம் என்பது மெத்தைக் கட்சியாரின் வாதம். இவ்விரு சாராரும் வாதம் முற்றியதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிப்பது நமது பிரதேசத்துப் பண்பாடு. "அப்படிங்களா, இருந்தாலும் இருக்குமுங்க" என்று ஒருவர் சாந்தமாகச் சொன்னால் அது சம்மதமல்ல, மறுப்பின் உச்சகட்டம் என்பதை மட்டும் வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

எனது பாதம் எந்தக் கட்சி என்று அறிய, ஈரக்காலைத் தரையில் பதித்துத் தடத்தைப் பார்க்கும்படி ஒருவர் சொன்னார். உள்வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைக்கால் என்று அர்த்தமாம். குளித்துவிட்டு வந்து கூடத்தில் நான்கு தடங்கள் பதித்து, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் மனைவி வந்து சேர்ந்தாள். "இப்பத்தானுங்க தொடச்சேன், காலைப் படிக்கோணும்னா வாசல்ல போய்ப் படிங்க" என்றாள். பரீட்சையின் முடிவு துடைப்பத் துணியோடு போய்விட்டது.

பிறகு ஒரு கடையில் என்னை ஓடும் பட்டைமேல் ஏற்றிப் பின்னாலிருந்து படம் பிடித்தார்கள். என் குதிகால்களை அவ்வளவு மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பது, பிறர் முதுகைப் பார்ப்பது போன்ற ஒரு கூச்சத்தைத் தந்தது. "இடது கால் உள்ளே உருளுதுங்க ஐயா" என்றான் பையன். வலது கால் எப்படி என்றேன். "அதுவும் உருளுதுங்க; ஆனா மருவாதையா உருளுதுங்க." அடுத்த தெருக் கடையில் இதே கால்களை இதே மாதிரி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, யாதொரு குறையும் இல்லை என்று சொல்லி, தலையணை உயரத்தில் மெத்தை வைத்த ஜோடி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள்.

மோட்டாரும் பம்பும் செய்து பிழைக்கிற ஊரில், ஒரு சாமானைப் பிரித்துப் பார்க்காமல் நம்புகிற வழக்கமில்லை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதர் இந்தக் கதையைக் கேட்டதும், தம் மகன் கழற்றிப் போட்டிருந்த உறுதிக் காலணி ஒன்றை, மகனைக் கேளாமலே, வைஸில் பிடித்து ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துவிட்டார். மேலே துணி, நடுவே பஞ்சுபோன்ற வெள்ளை நுரை, அடியில் கறுத்த ரப்பர். வெள்ளை நுரையின் உட்பக்கத்து ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஆப்பு வடிவமாக இன்னொரு துண்டு ஒட்டியிருந்தது. வெள்ளையில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்தது, சாம்பலில் விழவில்லை. வெர்னியர் வைத்து ஆப்பின் கனத்தை அளந்துவிட்டு, "இத்தனை சண்டையும் இந்தத் துண்டுக்குத்தானுங்களா?" என்றார் சிநேகிதர். உறுதிக் கட்சியின் சாஸ்திரம் முழுவதும் அந்தச் சாம்பல் துண்டில் அடக்கம். இப்போது வரும் சில ரகங்களில் அதற்குப் பதிலாகக் குதிகாலின் இருபுறமும் நுரையையே வரப்புபோல் உயர்த்திவிடுகிறார்கள்.

இந்தச் சாஸ்திரத்துக்கு வயதும் அதிகமில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன், மனைவியின் வாஃபிள் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றி அடிப்பாகம் வார்த்துப் பார்த்தார். அச்சு பாழாயிற்று, நைக்கி கம்பெனிக்கு ஒரு காலணி கிடைத்தது. 1993-ல் ஜப்பானியரின் அசிக்ஸ் நிறுவனம் கயானோ என்ற உறுதிக் காலணியை வெளியிட்டது. 2009-ல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், மலைச்சரிவில் இறங்கி ஓடுவதற்கென்று ஹோகா என்ற தடிமெத்தைக் காலணியைத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், காலணியே கூடாது, வெறுங்காலே உத்தமம் என்று உபதேசிக்கும் புத்தகம் ஒன்று அமெரிக்காவில் அமோகமாக விற்பனையானதும் அதே 2009-ல்தான்.

வெறுங்கால்காரர்களுக்குச் சாட்சி இல்லாமலில்லை. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-ல் ரோமாபுரியில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். ஆனால் 1964-ல் டோக்கியோவில் அவரே காலணி போட்டுக்கொண்டு ஓடி, மூன்று நிமிஷம் முன்னதாகவே வந்து மறுபடியும் தங்கம் வென்றார். இந்தப் பின்பாதியை வெறுங்கால் கட்சியார் பிரஸ்தாபிப்பதில்லை. என் அப்பத்தா தைப்பூசத்துக்குப் பழனி வரையில் வெறுங்காலோடு நடந்தவள்தான். பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் மூங்கில் தடியை ஊன்றி வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. எனினும் அப்பத்தா மிதித்தது வண்டிப் புழுதி. நான் மிதிப்பது கான்கிரீட். அவள் பிறந்தது முதல் வெறுங்காலோடு நடந்தாள். நான் முப்பத்தைந்து வருஷம் மேஜைக்கு அடியில் காலை வைத்திருந்தேன்.

விஞ்ஞானிகளாவது தீர்ப்புச் சொல்வார்களா என்றால், அங்கேயும் இரண்டு பட்சம். அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களில் ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்துப் பொருத்தமான காலணியும், மறுபிரிவினருக்கு ஒரே ரக உறுதிக் காலணியும் கொடுத்துப் பார்த்ததில், காயங்களின் அளவில் சொல்லத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. 2016-ல் லக்ஸம்பர்க்கில் நடந்த ஆராய்ச்சியோ, பாதம் மிகவும் உட்சாய்கிறவர்களுக்கு உறுதிக் காலணி அனுகூலமே என்று கண்டது. இவற்றுக்கிடையில் கானடாவின் கால்கரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பென்னோ நிக் 2015-ல் சொன்ன அபிப்பிராயந்தான் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது: எது காலுக்குச் சுகமாக இருக்கிறதோ அதையே ஓடுகிறவன் தேர்ந்துகொள்ளட்டும், பாதம் தனக்கு வேண்டிய மார்க்கத்தைத் தானே அறியும் என்கிறார் அவர்.

இதைச் சொல்ல ஒரு சர்வகலாசாலை தேவைப்பட்டதே என்று லாடம் அடிக்கிறவர் கேட்டால் சிரிப்பார். காளைக்குக் குளம்பு பிளவுபட்டிருப்பதால் காலுக்கு இரண்டாக எட்டுத் தகடு அடிக்க வேண்டும்; அடிப்பதற்கு முன் அதை நடக்கவிட்டு எந்தக் குளம்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்; அடித்த பிறகும் நடக்கவிட்டு, காளை காலை உதறினால் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். காளையிடம் அவர் எந்தக் கட்சியையும் பிரசாரம் செய்வதில்லை.

ஆகையால், வாங்கப் போகிறவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். கடைக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்ற பாதம் சற்றே உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். ஓடும்போது போடும் காலுறையையே போட்டுக்கொண்டு போங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இரண்டு கட்சிக் காலணிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கடைக்குள்ளேயே ஓடிப் பாருங்கள்; பையன் சிரித்தால் சிரிக்கட்டும். காலில் இருப்பதே மறந்துபோகிற ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உறுதிக் கட்சியா மெத்தைக் கட்சியா என்பதை வீட்டுக்கு வந்த பிறகு பெட்டியின்மேல் படித்துக்கொண்டால் போதும்.